பார்த்துச் செய்தது

நான் முதன்முதலாகக் கண்டபோது அவர் உட்துறைமுக வீதியில் ஒரு ஓட்டோவின் பின்னால் குந்தியிருந்தார். மடிப்புக் குலையாத காற்சட்டையை முழங்காலடியில் சற்று மேலே இழுத்துவிட்டிருந்தார். கையில் ஒரு சின்ன அளவுகோலும் கொப்பியும். ஓட்டோக்காரர் தேத்தண்ணிக் கடையிலிருந்து பாதி வடையோடு ஓடிவந்தார்.

“சேர், ரயர் மொட்டை இல்லை சேர். போன கிழமைதான் மாத்தினது.”

“ரயரைப் பாக்கேல்லைத் தம்பி. இந்த மட்காட்டில என்ன ஒட்டியிருக்கிறீங்கள்?”

“அது பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டுறது. கலகலவெண்டு சத்தம் வந்தது.”

“எத்தினை ஒட்டினனீங்கள்?”

“ரெண்டு. ஏன் சேர், எழுதப் போறீங்களோ?”

“ஒண்டு கழண்டு போச்சு. பசை மட்டும் நிக்குது” என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு. அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஓட்டோக்காரர் என்னைப் பார்த்து, “இது பொலிஸோ, பைத்தியமோ?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து எனக்குத் தெரியவந்தது. அன்று நான் வேலைக்குச் சேர்ந்த பல் சிகிச்சை நிலையத்தின் பின்னறையில் அவர் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய நிலையம் அது. அவர் அங்கே பொய்ப்பல் செய்பவர். நான் பதிவு மேசை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடவேண்டும், பின்னால் வரும் காரியத்துக்கு அது தேவை. சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டில், கையொப்பம் கேட்டால் மைப்பெட்டியைத் தேடாத முதல் ஆள் நான். அதனால் எழுதப்பட்ட எதன்மீதும் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. திகதி போட்ட ஒன்று பொய் சொல்லாது என்று நம்பியிருந்தேன்.

அவருடைய பொழுதுபோக்கு கார் செய்வது. கப்பலில் வேலைசெய்த மச்சான் ஒருவர் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்டுவருவார். பெட்டியின் மேல் பளபளக்கும் காரின் படம். உள்ளே, சட்டங்களில் காய்த்தமாதிரி நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள். வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் தெளித்தால் உண்மைக் காரின் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு கார் வரும். மற்றவர்கள் படத்தில் உள்ளதுபோலச் செய்துவிட்டு நிறுத்துவார்களாம். இவருக்கு அந்த இடத்தில்தான் வேலை தொடங்கும்.

வீதியில் கண்ட ஒரு குறிப்பிட்ட வாகனத்தைத்தான் அவர் செய்வார். அதன் நெளிவு, கீறல், உடைந்த லைட்டுக்கு ஒட்டிய சிவப்புத் தாள், கண்ணாடியில் தொங்கும் காய்ந்த எலுமிச்சங்காய் எல்லாம் இருக்கவேண்டும். தகடு நெளிந்ததுபோல் காட்ட, பிளாஸ்டிக்கை உட்புறமாகப் பல் அராவும் சுழலியால் தாள் அளவுக்கு மெல்லிதாக்குவார். பிறகு மெழுகுக் கத்தியைச் சூடுகாட்டி ஒருமுறை அழுத்துவார். துருவுக்குக் கறியுப்பு. ஈரமான இடத்தில் உப்பைத் தூவி, மேலே நிறம் தெளித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் நிறம் பொரிந்து உதிர்ந்த இடம்போலவே இருக்கும். பின்லைட்டுகள் பல் செய்யும் அக்ரிலிக்கில் வார்த்தவை.

எல்லாம் முடிந்தபின் வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, பல்லில் சூத்தை பார்க்கும் கூர்க்கம்பியால் அடித்தட்டில் திகதியைக் கீறுவார். அதற்குக் கீழே இரண்டு சொற்கள்: பார்த்துச் செய்தது.

“காணாததைப் போடமாட்டன்” என்பார். இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொல்வதுபோலச் சொல்வார்.

கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் தகப்பனின் பழைய ஏ-நாற்பது காரைச் செய்துதரச் சொல்லிக் கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். படமும் கொண்டுவந்திருந்தார். இவர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தக் கார் எனக்குத் தெரியும். இடது பக்க முன்லைட்டுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கவேணும். உங்கட அப்பா தேர்ச் சில்லில கொண்டுபோய் இடிச்சவர்.”

“அதை விட்டிட்டுச் செய்யுங்கோவன்.”

“விட்டால் அது வேற ஆற்றையோ கார்.”

“சின்னப் பள்ளம்தானே அண்ணை. அப்பான்ர நினைவுக்கு வைக்கப் போறது. நல்லாயிருக்கட்டும் எண்டுதான்.”

“அந்தப் பள்ளத்தைப் பாத்துப் பாத்துத்தான் அவர் அதைப் பத்து வருசம் ஓடினவர்” என்றார். வந்தவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

“போ, இனி ஒருத்தரும் வரமாட்டினம்” என்றார் அக்கா. அக்கா அவருக்கு மூத்தவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும்தான் அந்த வீட்டில். முன்னறை வாடகைக்கு விடப்படும் என்று அக்காதான் என்னிடம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த மாதமே நான் அங்கே குடிவந்துவிட்டேன். “இஞ்ச கூரை ஒழுகுது. என்ர தம்பி கார்க்கதவுக்குத் துருப் பூசுறார். உங்களுக்கு ஒழுக்குப் பரவாயில்லை எண்டால் இருங்கோ.”

நடுவறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் பதினெட்டு வாகனங்கள். இறக்கக்கண்டிக்குப் போகும் ஒரு பழைய பஸ், ஐஸ் உருகி ஒழுகும் மீன் லொறி, பின்கதவைக் கயிற்றால் கட்டிய பேக்கரி வண்டி. சிலவேளை அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போவார்; இரண்டு நாளில் திரும்பவும் வைப்பார். தூசு தட்ட எடுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையிலும் அவருக்கு இந்தக் குணம் இருந்தது. மீன் ஏலம் கூறும் ஒருவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டவேண்டியிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்பே அவருடைய வாயை அச்சு எடுத்து வைத்திருந்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நெருப்புக்குச்சி அளவு இடைவெளி. பொய்ப்பல்லிலும் அந்த இடைவெளியை விட்டே செய்தார். ஏலக்காரரின் மகன் வந்து சத்தம் போட்டான், காசு குடுத்துக் கட்டிறதுக்கு ஓட்டைப் பல்லோ என்று. சரி என்று இடைவெளி இல்லாமல் இன்னொன்று செய்து கொடுத்தார். ஒரு கிழமையில் ஏலக்காரர் தனியே வந்தார்.

“தம்பி, எனக்குச் சீக்காய் அடிக்க ஏலாமக் கிடக்கு. சீக்காய் இல்லாட்டி ஒரு யாவாரியும் திரும்பிப் பாக்கிறானில்லை.”

இவர் லாச்சியைத் திறந்து முதல் செய்ததை எடுத்துக் கொடுத்தார். வைத்திருந்தார். ஏலக்காரர் அங்கேயே அதைப் போட்டுப் பல்லிடுக்கால் அடித்த விசிலுக்கு, வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு டொல்பின் வான் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பல் பார்க்க. மூதூர், புல்மோட்டை என்று கிழமைக்கு இரண்டு பயணம். அதையும் அவர் செய்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். ஆசனத்தில் போட்ட துவாய்கூட உண்டு.

வானை ஓட்டியவர் நிசாம் நானா, மூதூர்க்காரர். பங்குனியில், எனக்கு இரண்டு மாதம் முந்தி, சேர்ந்திருந்தார். பதினொரு வருடத்தில் அது அவருக்கு நாலாவது இடம், நாலிலும் தற்காலிகம். ஐப்பசியில் நிரந்தரக் கடிதம் தருவதாக நிர்வாகி மிஸ் சொல்லியிருந்தார்.

“தம்பி, பள்ளிக்கூடத்துல என்ட மகள்கிட்ட வாப்பாக்கு என்ன வேலை எண்டு கேட்டிருக்காங்க” என்று ஒருநாள் சொன்னார். “அவ ‘தற்காலிகம்’ எண்டு எழுதிட்டு வந்திருக்கா. டீச்சர் அதுக்குச் சரியும் போட்டிருக்கா.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஆவணியில் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து வாகனம் பார்க்க ஆள் வந்தது. வானின் பின்கதவில் வலது மூலையில் உள்ளங்கை அளவு நெளிவு. எப்போது, யாரால் என்று நிர்வாகி மிஸ் எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் எதுவும் இல்லை. நிசாம் நானாவைக் கேட்டார்கள்.

“நான் வரக்குள்ளயே இருந்தது மிஸ்.”

“முந்தின றைவர் போனில இல்லை எண்டு சொல்றாரே.”

“அவரும் அப்பிடித்தானே சொல்லுவார்.”

நிர்வாகி மிஸ் கெட்டவர் இல்லை. ஆனால் கொழும்புக்கு ஒரு பெயர் எழுதவேண்டும். சேதத்தை மறைத்தார் என்று யார் பெயர் எழுதப்படுகிறதோ அவருக்குக் கடிதம் வராது. வேலையும் இருக்காது. நிசாம் நானா அன்று பின்னேரம் வானைக் கழுவினார். கழுவியதைத் திரும்பவும் கழுவினார்.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்தேன். சின்ன வானின் பின்கதவில், வலது மூலையில், என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு அந்த நெளிவு இருந்தது. தலைகீழாகத் திருப்பினேன். தை மாதத் திகதி. பார்த்துச் செய்தது. நிசாம் நானா வருவதற்கு இரண்டு மாதம் முந்தி.

அன்றே இரண்டு பக்கத்தில், இலக்கமிட்டு, ஒரு கடிதம் எழுதினேன். அவர் காணாததைப் போடமாட்டார் என்பதை மூன்றாம் இலக்கத்தில் எழுதினேன். காலையில் அவர் வேலைக்கு வரமுன் அதை நிர்வாகி மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டேன். அவரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. திகதி இருக்கிறதே.

மிஸ் வாசித்துவிட்டு, “அந்த ஆள் சொன்னால் கொழும்பும் நம்பும். நாளைக்குப் பத்து மணிக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கோ” என்றார்.

பின்னறைக்குப் போய் அவரிடம் சொன்னேன். பொய்ப்பல் ஒன்றுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். சுழலும் தூரிகையை நிறுத்தினார்.

“தம்பி, திகதி எப்ப போட்டது?”

“தையில.”

“நெளிவு?”

அதற்கும் அவரே பதில் சொன்னார்.

“ஆடியில. புல்மோட்டைப் பயணம் போய்வந்த அடுத்த நாள். காலமை கேற்றடியில குந்திப் பாத்தனான். நெளிவுக்குள்ள கறுப்பு மண் இருந்தது, புல்மோட்டைக் கரையில மட்டும் கிடக்கிற மினுங்கல் மண். பின்னுக்கு எடுக்கேக்க அங்க எங்கையோ மதகில பட்டிருக்கு. அந்த மண்ணையும் கிள்ளியெடுத்து ஒட்டி அண்டைக்கே செய்திட்டன்.” கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்தார். “வாகனம் ஓடிக்கொண்டுதானே இருக்கு. அதில ஒண்டு விழுந்தால் நானும் இதில போடவேணும். இல்லாட்டி அது பழைய வானாப் போயிடும்.”

தூசு தட்ட அல்ல, அவர் அவற்றை உள்ளே எடுத்துப் போனது அதற்குத்தான்.

“இதை முதல்ல மிஸ்ஸிட்டைச் சொல்லேல்லையே நீங்கள்?”

“அவ என்னட்டைக் கேக்கேல்லை.”

“நான் கடிதத்தைத் திருப்பி வாங்கட்டே?”

“வாங்கினால், ஏன் வாங்குறீங்கள் எண்டு கேப்பா. என்ன சொல்லுவீங்கள்?”

“நீங்கள் நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” என்று கேட்டேன்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தம்பி” என்றார். கோபம் இல்லை. தூரிகையைத் திரும்பவும் சுழலவிட்டார்.

மறுநாள் அவர் அதை அக்காவின் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஓட்டோ குலுங்கும்போதெல்லாம் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

நிர்வாகி மிஸ்ஸின் அறையில் நிசாம் நானா சுவரோரம் நின்றார். கதிரை இருந்தது, இருக்கவில்லை. மிஸ் சின்ன வானைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. ஆசனத்துத் துவாயைக் கண்டு சிரித்தார். பிறகு நினைவு வந்தவராக அடியைத் திருப்பித் திகதியைப் பார்த்தார்.

“இது முடிச்ச திகதியோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப இந்த நெளிவு?”

அவர் சின்ன வானைப் பார்த்தார். மிஸ்ஸை அல்ல, நிசாம் நானாவை அல்ல. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

“அப்பவே இருந்தது” என்றார்.

மிஸ் நெளிவை நகத்தால் தடவினார். “இதுக்குள்ள கறுப்பா என்னவோ இருக்கே?”

அது நிசாம் நானா ஓட்டிய வானிலிருந்து கிள்ளியெடுத்து ஒட்டிய மண். எனக்குத் தெரியும். நிசாம் நானாவுக்குத் தெரியாது; ஆனால் அவர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

“துரு” என்றார் அவர்.

“எவ்வளவு நுணுக்கம்” என்றார் மிஸ். முந்திய சாரதியின் பெயரை எழுதினார். அந்த மனிதர் ஏற்கெனவே சவூதிக்குப் போய்விட்டிருந்தார்; அவருக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று நான் பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். சின்ன வானைச் செய்தவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

நாங்கள் வெளியே வந்ததும் நிசாம் நானா பின்னாலேயே வந்தார்.

“அண்ணன், அண்டைக்குப் புல்மோட்டையில...”

“சொல்லாதைங்கோ.”

“இல்ல அண்ணன், மகள்ட...”

“முன் ரயருக்குக் காத்துக் காணாது. இண்டைக்கு மூதூருக்கெல்லோ போறீங்கள்? அடிச்சுக்கொண்டு போங்கோ” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போனார். மத்தியானம் வரைக்கும் தூரிகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் நிசாம் நானாவுக்குக் கடிதம் வந்தது. வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார். இவர் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, ஏலக்காய் கூட என்றார். பேச்சில், பழக்கத்தில் எதுவும் மாறவில்லை. வீதியில் கண்ட வாகனங்களின் பின்னால் குந்துவதும் நிற்கவில்லை. நிலையத்து வான் கேற்றடியில் நின்றால் மட்டும் மறுபக்கத்தால் சுற்றி வருவார். மழைநாளிலும் அப்படித்தான், அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர்.

அடுத்த வைகாசியில் எனக்கு அரசாங்க நியமனம் வந்தது. அதற்குள் வானுக்கு இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தது. முன் பம்பரில் ஒன்று, பக்கக் கதவில் நீளமாகக் கீறல் ஒன்று. இரண்டையும் நிசாம் நானாவே அன்றன்றைக்கு வந்து சொல்ல, நான் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். இப்போது நிரந்தரம், பயப்படாமல் சொல்லலாம்.

போகிற அன்று, சூட்கேசை வாசலில் வைத்துவிட்டு அலுமாரியைக் கடைசியாக ஒருதரம் பார்த்தேன். மேல்தட்டில் வான் நின்றது. பம்பர் நேராக இருந்தது. பக்கக் கதவில் கீறல் இல்லை.

“அதை மட்டும் அவர் இப்ப எடுக்கிறேல்லை” என்றார் அக்கா, கேட்காமலே. “நானும் துடைச்சுத்தான் விடுறன். ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியாது என்றேன்.

அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் கண்ணாடிக் கதவைத் திறந்து வானை எடுத்தேன். பின்கதவு நெளிவு அப்படியே இருந்தது. அதற்குள் கறுப்பு மண்ணும் இருந்தது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்தால் மினுங்கும். அவர் அதில் எதையும் தொடவில்லை.

அடியைத் திருப்பினேன். தை மாதத் திகதி இருந்தது. அதற்குக் கீழே, இரண்டு சொற்கள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. பொய்ப்பல்லுக்கு மெருகு போடும் மாவால் தேய்த்த வழவழப்பு. பெருவிரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.